விழிப்புக்குழு போட்டால் களவு நிற்குமா?

வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள அவருடைய ஊரில் கொஞ்சக் காலமாகக் களவு கூடிவிட்டது. கிணற்றடி மோட்டர், ஆடு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவு நிலை வரைக்கும் போகிறதாம். போதாததற்கு ஒரு வாள்வெட்டும் நடந்திருக்கிறது. அம்மா வீட்டில் தனிய. பொலிஸில் சொல்லிப் பலனில்லை என்று ஊர் சொல்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு சேர்த்து ஒரு விழிப்புக்குழு அமைத்து, பெடியளை இரவுக் காவலுக்கு விடலாமா என்பது அவருடைய கேள்வி. கூடவே, "இயக்கம் (புலிகள்) இருந்த காலத்தில் கதவைத் திறந்துபோட்டுப் படுத்தோமே, இப்போது ஏன் முடியவில்லை?" என்றும் கேட்கிறார்.

நான் பல வருடம் கிராம அலுவலராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு, சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையிலும் இருந்தேன். பொலிஸ்காரன் இல்லை. ஆனால் பொலிஸுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்கிய ஆள். அந்த இடத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

விழிப்புக்குழு கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற வேலைக்கு அது உதவாது. எங்கள் ஊர்களில் யார் களவெடுக்கிறான் என்று கண்டுபிடிப்பது பெரிய பிரச்சினையே இல்லை. அது அநேகமாக ஊருக்குத் தெரியும். எந்த ஒழுங்கையில் கசிப்பு (கள்ளச்சாராயம்) விற்கிறது, எந்தப் பெடியன் ஒரு வேலைவெட்டியும் இல்லாமல் புது மோட்டார் சைக்கிளில் திரிகிறான், களவுபோன மோட்டர் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனது, எல்லாம் சந்திக் கடையில் கதைபடும். அந்தக் கதை பொலிஸ் நிலையத்துக்குப் போகாது. போனாலும் ஒழுங்கான கோப்பாகாது. கோப்பானாலும் நீதிமன்றத்தில் நிற்காது. குற்றம் செய்கிறவன் நம்பியிருப்பது இதைத்தான்.

முறைப்பாடு எழுதும் இடத்தைப் பாருங்கள். ஒரு மேசை, முன்னால் ஒரு வாங்கு. வாங்கில் மூன்று நான்கு பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். மோட்டரைப் பறிகொடுத்த அம்மா எழுந்துபோய் மேசைக்கு முன்னால் நிற்பார். உத்தியோகத்தர் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "ஆரிலயாவது சந்தேகம் இருக்கா?" அந்த அம்மாவுக்கு ஆள் யாரென்று தெரியும். ஆனால் வாங்கில் இருப்பவர்களில் ஒருவர் அதே ஊர். பெயரைச் சொன்னால் பொழுதுபடுவதற்குள் அந்தப் பெடியனின் தமையன் படலையில் வந்து நிற்பான். "ஒருத்தரிலயும் இல்லை சேர்" என்று சொல்லிவிட்டு, எழுதியதை வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வருவார். புத்தகத்தில் "இனந்தெரியாதோர்" என்று விழும். இனித் தேடுவதற்கு என்ன இருக்கிறது? பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை என்று ஊர் சொல்லும். சனம் ஒத்துழைப்பதில்லை என்று பொலிஸ் சொல்லும். இரண்டும் உண்மை.

சட்டப்படி அந்த மேசையில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டை எழுத வேண்டும், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் அது தமிழிலேயே நடக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே உள்ளது. யுத்தம் முடிந்த பிறகு அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, எந்தப் பொலிஸ் நிலையத்திலும் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்க முடிய வேண்டும் என்று 2011இல் எழுதி வைத்தது. பகலில் போனால் தமிழ் உத்தியோகத்தரைக் காணலாம். இரவு பத்து மணிக்குப் பிறகு வாளோடு ஆள் வந்து நின்றால் போனை எடுப்பவருக்கு எவ்வளவு தமிழ் தெரியும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்த மொழிப் பிரச்சினையை மரியாதைப் பிரச்சினையாக மட்டும்தான் அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை வேறு. யாழ்ப்பாண நீதிமன்றங்கள் தமிழில் நடக்கின்றன. ஆனால் விசாரணை செய்கிற உத்தியோகத்தர் தன் குறிப்பைச் சிங்களத்தில் எழுதியிருப்பார். பாதிக்கப்பட்டவர் தமிழில் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, அவர் சிங்களத்தில் எழுத, அது திரும்பத் தமிழாகி வழக்கில் வரும்போது "பின்வளவு வேலி" என்று சொன்னது "வீட்டின் பின்பக்கம்" ஆகியிருக்கும். "விடியப்புறம்" என்றது "இரவு" ஆகியிருக்கும். எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணிக்கு வேறென்ன வேண்டும்? பொலிஸில் ஒன்று சொன்னீர், இங்கே ஒன்று சொல்கிறீர் என்று குறுக்கு விசாரணையில் சாட்சியை உருட்டி எடுத்துவிடுவார். கள்வன் தப்புவது பல நேரம் இந்த இடத்தில்தான். ஆகவே உங்கள் அம்மா முறைப்பாடு கொடுக்கப் போகும்போது சம்பவத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி தன்னிடம் வைத்துக்கொண்டு போகட்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கட்டும். இலக்கம் இல்லாமல் பிறகு எங்கே போய்க் கேட்டாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரி, பொலிஸுக்கு ஏன் ஊர் தெரியாது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலங்கைப் பொலிஸ் இன்றைக்கும் அடிப்படையில் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் பொலிஸ் என்பது பட்டினத்துக்கு. கிராமத்துக்கு விதானையார், அவருக்கு மேலே உடையார், மணியகாரர். களவு, அடிபிடி, சந்தேகச் சாவு எல்லாவற்றையும் மேலே அறிவிப்பது விதானையாரின் வேலை. 1963இல் அந்த முறையை எடுத்துவிட்டுக் கிராம சேவகர்களை, இன்றைய கிராம அலுவலர்களை, நியமித்தார்கள். பழைய விதானையார் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதிக் காணிக்காரர். அவர் யாரைப் பிடித்துக் கொடுத்தார், யாரைக் காப்பாற்றினார் என்று பழைய ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த முறை போனது நல்லதுதான். ஆனால் அவரோடு சேர்ந்து, ஊரில் நடப்பதை மேலே கொண்டுபோகிற பாதையும் மெலிந்து போனது. கிராம அலுவலருக்கு இன்றைக்கும் சட்டத்தில் சமாதான உத்தியோகத்தர் என்ற தகுதி உண்டு. அவருடைய மேசையில் கிடப்பது வதிவிடச் சான்றிதழும் நிவாரணப் பட்டியலும் வாக்காளர் இடாப்பும்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அந்த 435 பேரில் எத்தனை பேர் தங்கள் பொலிஸ் கடமையை நினைத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், என்னையும் சேர்த்து, பதில் சங்கடமானது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1981இல் நூலகம் எரிந்தபோது சீருடை போட்டவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது எங்கள் தலைமுறைக்கு மறக்காது. 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. எண்பதுகளின் நடுப்பகுதியோடு பொலிஸ் கிராமத்தை விட்டே போய்விட்டது. பிறகு இயக்கங்கள், இந்திய இராணுவம், புலிகளின் பொலிஸ், 1995க்குப் பிறகு இலங்கை இராணுவம். ஊரை ஒழுங்கை ஒழுங்கையாக அறிந்த ஒரு பொலிஸ் நிலையம் உருவாவதற்கே இருபது, முப்பது வருடம் எடுக்கும். எங்களுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்து போனது. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலானோர் தெற்கில் இருந்து வருகிறார்கள். எப்போது இடமாற்றம் கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஊரைப் பழகுவதற்குள் போய்விடுகிறார்கள். எங்கள் பெடியளைப் பொலிஸில் சேரச் சொன்னால் தாய்தகப்பன் விடுவதில்லை. விடாததற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் விடாமல் இருந்துகொண்டே தமிழ்ப் பொலிஸ் இல்லை என்று குறைசொல்வதும் நாங்கள்தான். 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதியது. அது தாளில் எழுதியபடியே கிடக்கிறது. வட மாகாண சபை 2013 முதல் 2018 வரை இருந்த ஐந்து வருடத்திலும் ஒரு பொலிஸ்காரரையும் நியமிக்கவில்லை, கொழும்பு நியமிக்க விடவும் இல்லை.

இயக்கக் காலத்துக் கதவு திறந்த கதைக்கு வருவோம். அதை நானும் கண்டவன். புலிகளின் பொலிஸ் 1991இல் தொடங்கியது. வேகமாக விசாரித்தார்கள், இலஞ்சம் குறைவு, விசாரணை தமிழில். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பொருளாதாரத் தடை. களவெடுத்த சாமானைக் கொண்டுபோய் விற்க வெளியிடம் இல்லை, ஊர் விட்டுப் போகப் பாஸ் எடுக்க வேண்டும். தீர்ப்பில் பிழை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? அதற்கு முந்தி, எண்பதுகளில், "சமூக விரோதி" என்று மட்டை எழுதிக் கட்டி மின்கம்பத்தில் சுட்டுப் போட்ட காலத்தையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். கம்பத்தில் தொங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் குற்றவாளிகள் என்று இன்றுவரை எவரும் பொறுப்புக் கூறவில்லை. கதவு திறந்திருந்தது உண்மை. பயத்தில் வாய் மூடியிருந்ததும் உண்மை.

இப்போதைய பொலிஸ்மீதும் நம்பிக்கை வராததற்குப் பழைய கதை மட்டும் காரணமில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இரவில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். முதலில் விபத்து என்று சொல்லப்பட்டது. பிறகு துப்பாக்கிச் சூடு என்று தெரிந்து ஐந்து பொலிஸார் கைதானார்கள். 2023 நவம்பரில் சித்தங்கேணி இளைஞர் ஒருவர் களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட பிறகு இறந்தார். அது மனிதக் கொலை என்று நீதவான் தீர்மானித்தார், பொலிஸார் சிலர் கைதானார்கள். இப்படி ஒன்று நடந்த ஊர்ப்பக்கத்தில் ஒரு தாய் யோசிப்பாள்: மோட்டர் போனால் போகட்டும், நான் பெயர் சொல்லி அந்தப் பெடியன் செத்துப்போனால் அந்தப் பழி எனக்கல்லவா? சந்தேகம் இருக்கா என்ற கேள்விக்கு வாய் திறக்காததில் இந்தப் பயமும் இருக்கிறது. கள்வன்மீது உள்ள பயம் மட்டுமல்ல.

அடித்துக் கேட்டால்தான் உண்மை வரும் என்று எங்கள் ஆட்களிலேயே பலர் சொல்வார்கள். நல்ல படித்த மனிதர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றத்தில் செல்லாது. 25ஆம் பிரிவு. சந்தேகநபர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கிடைத்தால் அந்தப் பொருளைப் பற்றிய பகுதியை மட்டும் கொண்டுவரலாம். ஆகவே அடித்து வாங்கிய வாக்குமூலம் வழக்குக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. அதோடு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை. அடி நடக்கிற பொலிஸ் நிலையத்தில் கைரேகை எடுப்பது, அயலவரை விசாரிப்பது, இரும்புக் கடைக் கணக்கைப் பார்ப்பது போன்ற உண்மையான விசாரணை வேலை பழகுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

"பிடித்தாலும் அடுத்த நாளே வெளியில் வந்துவிடுகிறான்" என்ற குறையும் இருக்கிறது. பொலிஸ் பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை, பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பது. கொலை போன்ற பெருங்குற்றத்துக்குத்தான் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இது சட்டத்தின் ஓட்டை இல்லை. நாளைக்கு உங்கள் தம்பியை யாராவது பொய்யாக மாட்டினால் நீங்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஊர் கவனிக்காத பாதி வேறு: சாட்சியைப் பயமுறுத்துவார், மறுபடி குற்றம் செய்வார் என்ற காரணத்துக்காகப் பிணையை மறுக்கலாம், கொடுத்த பிணையையும் ரத்துச் செய்யலாம். ஆனால் நீதவானுக்கு அது எப்படித் தெரியும்? பொலிஸ் தாக்கல் செய்கிற பி அறிக்கையில் இருந்தால்தான் தெரியும். அதில் இருக்க வேண்டுமென்றால் பிணையில் வந்தவன் வீட்டு வாசலில் வந்து "வழக்கை வாபஸ் வாங்கு" என்று சொன்ன அன்றே மறுபடி போய் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். அநேகமானோர் கொடுப்பதில்லை. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே உண்டு, 2015இல் வந்தது, 2023இல் புதிதாக இயற்றினார்கள். சாட்சியை வெருட்டுவது தனிக் குற்றம். எங்கள் ஊரில் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று யாழ்ப்பாணத்துக்கே உரியது. வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரவேண்டும், சட்டமா அதிபரின் ஆலோசனை வரவேண்டும். அதற்குள் முக்கியமான சாட்சி கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ போய்விடுவார். ஏஜென்சிக்குக் காசு கட்டியவர் வழக்குக்காக நிற்பாரா? வெட்டினவனும் சில நேரம் அதே பாதையால் போய்விடுவான். பிறகு கோப்பு மூடப்படும்.

வாள்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் "வாள்வெட்டுக் குழு அட்டகாசம்" என்று வரும்போது எல்லாமே ஆவா குழு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குழுவை இராணுவத்தில் இருந்தவர்களே உருவாக்கினார்கள் என்று 2016இல் அப்போதைய அமைச்சர் ஒருவரே சொன்னார். அடுத்த வருடம் கொக்குவிலில் இரண்டு பொலிஸாரையே வெட்டினார்கள். அப்படியான கூட்டம் இருந்தது, இருக்கிறது. ஆனால் மத்தியஸ்த சபையில் எனக்கு முன்னால் வந்த பிணக்குகளைப் பார்த்தால், நாளைக்கு வாளில் முடியக்கூடியவற்றில் பெரும்பகுதி காணியும் வழியும்தான். எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளிப் போட்டது, பங்குக் கிணற்றில் மோட்டர் பூட்டவிடாதது, குச்சொழுங்கையில் மதில் கட்டியது, கோயில் நிர்வாகம், விளையாட்டுக் கழகப் போட்டி. வெளிநாட்டில் இருந்து ஒரு பக்கத்துக்குக் காசு வரும். இரண்டு பெடியளைக் கூலிக்குப் பிடித்து எதிர்வீட்டுக் கேற்றை வெட்டச் சொல்வார்கள், ஜன்னல் கண்ணாடியை உடைத்து மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைப்பார்கள். கூலிக்கு வருகிறவனுக்கு ஐஸோ ஹெரோயினோ பழக்கம் இருக்கும். அந்தக் காசு தேவை. அவனைப் பிடிப்பது பொலிஸ் வேலை. ஆனால் காசு அனுப்பியவர் உங்கள் பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருக்கிறார், தம்பி. அதையும் யோசியுங்கள்.

காணிச் சண்டைக்குச் சட்டத்தில் நல்ல கருவி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் "அறுபத்தாறு வழக்கு" என்றால் எல்லோருக்கும் விளங்கும். காணிப் பிணக்கால் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸ் உடனே நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பொலிஸ் இழுத்தடித்தால் நீங்களே சட்டத்தரணி மூலம் போகலாம். அங்கே காணி உறுதி யாருடையது என்று தீர்க்க மாட்டார்கள், இப்போது யார் அனுபவிக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும்படி பார்த்துக்கொண்டால் திரும்ப உள்ளே போகக் கட்டளை எடுக்கலாம். வழி, தண்ணீர் உரிமைக்கும் இதே பாதைதான். நான் கண்ட அளவில், பொலிஸ் நிலையத்தில் இரண்டு பகுதியையும் கூப்பிட்டு "சமாதானமாகப் போங்கோ" என்று கையெழுத்து வாங்கி அனுப்புவதைவிட, நேரத்தோடு 66 போட்ட பிணக்குகளில் இரத்தம் குறைவு.

மணலும் கஞ்சாவும் வேறு கணக்கு. அது ஊர்ப் பெடியன் செய்கிற களவு இல்லை, தொழில். வடமராட்சியில் மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் பக்கம் மணல் ஏற்றுகிற டிப்பருக்கு முன்னால் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பொலிஸ் நிற்கிறதா என்று பார்த்துப் போனில் சொல்வான். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அகப்படுவது சாரதி. முதலாளியின் பெயர் கோப்பிலேயே வராது. 2017 ஜூலையில் மணல் ஏற்றிய வாகனத்தின்மீது பொலிஸ் சுட்டதில் துன்னாலை இளைஞர் ஒருவர் செத்தார். சுட்டும் மணல் நின்றதா? கடலால் வருகிற கேரள கஞ்சாவுக்கும் இதே கதை. பொதி பிடிபடுகிற செய்தி வரும், படம் வரும், பொதிக்குச் சொந்தக்காரன் வர மாட்டான். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் தொடங்கிய யுக்திய நடவடிக்கையிலும் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடித்தவர்களில் பெரும்பாலானோர் பாவனைக்காரர், சில்லறை விற்பனைக்காரர். பட்டியைத் திறந்துவிட்டு ஆட்டைத் துரத்துகிற வேலை.

இனி விழிப்புக்குழு. சட்டம் உங்களுக்கு ஒரு சின்ன அதிகாரம் தருகிறது. கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்கிறவரைத் தனியாள் ஒருவர் பிடித்துவைக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸிடமோ சமாதான உத்தியோகத்தரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். விசாரிக்க முடியாது, அடிக்க முடியாது, மின்கம்பத்தில் கட்டிவைத்து வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட முடியாது. கடைசியாகச் சொன்னதை இப்போது ஊருக்கு ஊர் செய்கிறார்கள். அதற்குப் பிறகு களவுக்காரன் ஆஸ்பத்திரியில் இருந்து சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு வருவான். அடித்தவர்கள் எதிரிக்கூண்டில் நிற்பார்கள். களவு வழக்கை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேச வேண்டிவரும்.

2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் திரிகிறான், கிறீஸ் பூதம் என்று ஊரே பொல்லோடு நின்ற காலத்தை அம்மாவிடம் கேளுங்கள். நாவாந்துறையில் மர்ம மனிதனைத் துரத்திய சனத்துக்கும் இராணுவத்துக்கும் முரண்பாடு வந்து, அன்றிரவே வீடு வீடாக இழுத்து அடித்து நூறு பேருக்கு மேல் கைதுசெய்தார்கள். சனத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. கூட்டமாகப் பொல்லோடு நின்றதன் விலையையும் சனமே கொடுத்தது.

ஒருவரும் வெளிப்படையாகப் பேசாத காரணம் ஒன்றும் உண்டு. குழுவில் யார் இருப்பார்கள்? கோயில் நிர்வாகம், கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுப் பெடியள். காவல் எங்கே நிற்பார்கள்? ஊரின் ஒதுக்குப்புறத்துக் குடியிருப்பில் இருந்து வருகிற ஒழுங்கை முகப்பில். களவென்றால் முதலில் அந்தப் பக்கத்துப் பெடியனின் பெயர்தான் வரும். இரவு தொழிலுக்குப் போய்வருகிற கடற்தொழிலாளி, விடியப்புறம் கள்ளிறக்கப் போகிறவர், இவர்களைத்தான் மறித்துக் கேட்பார்கள். ஒரு பிழையான அடி போதும், களவுப் பிரச்சினை சாதிச் சண்டையாக மாறிவிடும். அப்படி ஒன்று தொடங்கினால் ஒரு மோட்டரின் பெறுமதியால் அதை நிறுத்த முடியாது. அந்தக் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள், அதுவும் பெண்கள், குழுவில் இல்லையென்றால் குழுவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. கசிப்பு எங்கே காய்ச்சுகிறார்கள் என்பதை உயிரைக் கொடுத்துச் சொல்லக்கூடியவர்கள் குடிகாரரின் மனைவிமார்தான். எந்தக் கூட்டத்திலும் அவர்களைப் பின்வரிசையில் இருத்திவிடுகிறோம்.

குழு அமைத்தால் அதற்கு வேறு வேலை கொடுங்கள். பொலிஸ் நிலையத்தோடு சேர்ந்த சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அநேகமாக ஏற்கெனவே தாளில் இருக்கும். பொறுப்பதிகாரி மாறும்போது ஒருமுறை கூட்டம் வைப்பார்கள், தேத்தண்ணியும் வடையும் கொடுப்பார்கள், முடிந்தது. அதை மாதாமாதம் கூட்டவைத்து, போன மாதம் கொடுத்த முறைப்பாடுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று இலக்கத்தோடு கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எந்தப் பொறுப்பதிகாரியும் விரும்ப மாட்டார். ஆனால் மூன்றாவது மாதம் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார். பொலிஸில் நல்லவர்களும் இருக்கிறார்கள். திருவிழாக் கடமை, நீதிமன்றக் கடமை, அமைச்சர் வருகை என்று இருக்கிற ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனால் இரவு ரோந்துக்கு ஒரு வாகனம் மிஞ்சினால் பெரிது. எந்த ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று ஊர் சொன்னால் அந்த ஒரு வாகனமாவது சரியான இடத்துக்கு வரும்.

பூட்டிக் கிடக்கும் வளவுகளைத் துப்புரவாக்குங்கள். பற்றைக்காணியில்தான் கசிப்புக் காய்ச்சுகிற கோடாவும் புதைக்கிறார்கள், களவுச் சாமானும் வைக்கிறார்கள். சொந்தக்காரர் உங்களைப் போல் வெளிநாட்டில். பிரதேச சபைக்கு எழுதித் தெருவிளக்குப் போடுவியுங்கள். மோட்டரின் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள், பற்றுச்சீட்டையும் வையுங்கள். மோட்டர் உடலில் ஆணியால் வீட்டு அடையாளம் ஒன்றைக் கீறி வையுங்கள். பொலிஸ் இரும்புக் கடையில் மோட்டரைக் கண்டுபிடித்தாலும் இது உங்களுடையதுதான் என்று காட்ட முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். களவுச் சாமான் வாங்குகிற கடை ஒன்று மூடினால், களவெடுக்கிறவர் பத்துப் பேரின் தொழில் படுக்கும். பொலிஸுக்கு அழுத்தம் கொடுப்பதானால் அந்த இடத்தில் கொடுங்கள்.

பெயர் சொல்லப் பயம் என்றால், மேசைக்கு முன்னால் சொல்லத் தேவையில்லை. பொறுப்பதிகாரியைத் தனியாகச் சந்திக்கக் கேட்கலாம். கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு போகலாம். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுங்கள், பதிவுத் தபாலில். அதுவும் சரிவராவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது, அதில் பொதுமக்கள் முறைப்பாடு எடுப்பார்கள். அடி, சட்டவிரோதத் தடுப்பு என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம், அவசரத்துக்கு 1996. வீட்டுக்குள் நடக்கிற அடிக்கு 1938, பிள்ளைகள் விஷயத்துக்கு 1929. இரவில் படலையில் ஆள் நின்றால் முதலில் பொலிஸ் அவசர இலக்கம் 119. அந்த அழைப்பு எந்த நேரத்துக்கு எடுக்கப்பட்டது என்பது பதிவாகும். பிறகு "எங்களுக்கு அறிவிக்கவில்லை" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அம்மாவின் வீட்டுக்குக் கமரா பூட்டுவது நல்லதுதான். ஆனால் பதிகிற பெட்டியை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காதீர்கள், கமராவோடு அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நகையை வங்கியில் வையுங்கள். பகலில் யார் யார் வேலைக்கு வந்து போகிறார்கள் என்று அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

வெளிநாட்டில் சேர்க்கிற காசைக் காவலுக்கு நிற்கிற பெடியளுக்குச் சம்பளமாகக் கொடுத்தால், ஒரு வருடத்தில் அந்தக் காவலே ஒரு குழுவாக மாறும். பிறகு அவர்களிடமிருந்து ஊரைக் காக்க இன்னொரு குழு வேண்டிவரும். அந்தக் காசை வழக்குக்குச் செலவழியுங்கள். களவிலோ வாள்வெட்டிலோ பாதிக்கப்பட்ட ஏழை வீட்டுக்காரருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சட்டத்தரணி எழுந்து நிற்க ஏற்பாடு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பில் சட்டத்தரணி தோன்றலாம், பிணை விண்ணப்பத்தின்போது பேசலாம், பி அறிக்கையில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டலாம். சாட்சி சொல்லப் போகிறவருக்கு அன்றைய கூலியையும் ஆட்டோக் காசையும் கொடுங்கள். கூலிவேலை செய்கிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மல்லாகம் நீதிமன்றத்துக்கோ பருத்தித்துறை நீதிமன்றத்துக்கோ போய், வழக்குத் தவணை போட்டுவிட்டார்கள் என்று திரும்பி வருவதை எத்தனை தடவை தாங்குவார்? மூன்றாம் தடவை போக மாட்டார். எதிரி எல்லாத் தவணைக்கும் வருவான்.